பூச்சிமருந்துக்கு விரைவுச் சோதனை: எது சிக்கும், எது நழுவும்?

விடியற்காலையில் சந்தைக்கு வரும் முளைக்கீரை மதியத்துக்குள் மசியலாகிவிடும். வெண்டைக்காயும் கத்தரிக்காயும் மிஞ்சிப்போனால் மூன்று நான்கு நாள் தாங்கும். ஆனால் நம் உணவுப் பாதுகாப்புச் சட்டம் (2006), மாதிரி கைக்கு வந்த நாளிலிருந்து அறிக்கை தருவதற்குப் பகுப்பாய்வாளருக்கு 14 நாள் அவகாசம் கொடுக்கிறது. மிளகாய்த்தூள், பருப்பு போல இருப்பு வைத்து விற்கும் சரக்குக்கு இது போதும். காய்கறிக்கு இந்த அவகாசம் ஒத்துவராது.

இந்த இடைவெளியை நிரப்ப வந்தவைதான் விரைவுச் சோதனைகள். இந்தப் பெயரில் இரண்டு விதமான சோதனைகள் புழங்குகின்றன. ஒன்று, சந்தை வாசலிலேயே கால் மணி நேரத்தில் நிறம் காட்டும் அட்டை. மற்றது, ஆய்வகத்தில் ஒரே ஓட்டத்தில் நூற்றுக்கணக்கான மருந்துகளைத் தேடும் முறை. இரண்டும் பதில் சொல்வது வேறு வேறு கேள்விகளுக்கு. அது தெரியாவிட்டால், ‘சோதிக்கப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல்லை நம்பி ஏமாற வேண்டியதுதான்.

நிறம் காட்டும் அட்டை

நரம்புகள் தசைக்குச் செய்தி கடத்தப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களில் ஒன்று அசிட்டைல்கோலின். வேலை முடிந்ததும் அதை உடனே சிதைப்பது கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைப் பூச்சிமருந்துகள் இந்த நொதியை முடக்கிவிடும். பூச்சி சாவது அதனால்தான். மனித உடலில் அதிகமாகச் சேர்ந்தால் எச்சில் வழிவதும், வியர்த்துக் கொட்டுவதும், கண்ணின் பாவை சுருங்குவதும், மூச்சு முட்டுவதும் அதே காரணத்தால்தான். 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்துப் பள்ளியொன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகளைக் கொன்ற மோனோகுரோட்டோபாஸ் இந்த வகையைச் சேர்ந்தது.

மருந்தைத் தேடுவதற்குப் பதில், நொதி முடங்கியிருக்கிறதா என்று பார்த்தாலே போதும் என்பதுதான் விரைவு அட்டையின் அடிப்படை. தைவானின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1980-களில் ஈக்களிடமிருந்து எடுத்த நொதியைக் கொண்டு இப்படி ஒரு சோதனையை உருவாக்கி, காய்கறிச் சந்தைகளுக்குக் கொண்டுபோனது. சீனச் சந்தைகளில் பரவலாக உள்ள அட்டையில் வெள்ளையாக ஒரு வட்டம், சிவப்பாக ஒரு வட்டம் இருக்கும். வெள்ளையில் நொதி, சிவப்பில் அது சிதைக்க வேண்டிய பொருள். கீரையை நனைத்தெடுத்த கரைசலில் ஒரு சொட்டை வெள்ளையில் விட்டு, பத்து நிமிடம் இளஞ்சூட்டில் வைத்து, அட்டையை மடித்து மூன்று நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். வெள்ளை வட்டம் நீலமானால் நொதி நலம்; வெள்ளையாகவே நின்றால் மருந்து இருக்கிறது என்று சந்தேகம்.

அட்டைக்குத் தெரியாதவை

நீலம் வந்துவிட்டது என்பதற்காகக் காயில் மருந்தே இல்லை என்று ஆகிவிடாது. இமிடாகுளோபிரிட் போன்ற நியோநிகோட்டினாய்டுகளும், சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டுகளும், மான்கோசெப் போன்ற பூஞ்சைக்கொல்லிகளும் இந்த நொதியைத் தொடுவதில்லை. அவை எவ்வளவு இருந்தாலும் அட்டை நீலமாகத்தான் மாறும். ஆர்கனோபாஸ்பேட்டிலேயே சில, சட்ட வரம்பைத் தாண்டியிருந்தாலும் அட்டையில் சிக்காத அளவில் இருக்கலாம்.

எதிர்த்திசையிலும் தவறு நேரும். பூண்டு, முள்ளங்கி, கொத்தமல்லி, காளான் ஆகியவற்றின் சாற்றில் இயற்கையாகவே உள்ள சில பொருள்கள் நொதியைத் தடுக்கும். மருந்தே அடிக்காத முள்ளங்கியும் அட்டைச் சோதனையில் தோற்கக்கூடும். ஆக, உடனடி விஷ ஆபத்துள்ள சரக்கை வாசலிலேயே நிறுத்திவைக்க இந்த அட்டை நல்ல துணை. வழக்குத் தொடரவோ, ‘மருந்தில்லாத காய்’ என்று விளம்பரம் செய்யவோ இது போதாது.

ஆய்வகத்துக்கு வேகம் வந்த கதை

முன்பெல்லாம் ஒரு காயிலிருந்து மருந்து எச்சத்தைப் பிரித்தெடுக்கவே அரை நாள் பிடிக்கும். கரைப்பான்களும் ஏராளமாகச் செலவாகும். 2003-இல் அனஸ்தசியாடிஸ், லெஹோட்டே உள்ளிட்ட நான்கு வேதியியலாளர்கள் வெளியிட்ட ‘கெச்சர்ஸ்’ முறை அதை மாற்றியது. அரைத்த காய் 10 கிராம், அசிட்டோநைட்ரைல் 10 மில்லி, ஒரு மூடிபோட்ட குழாய். ஒரு நிமிடம் குலுக்கி, மெக்னீசியம் சல்பேட்டும் உப்பும் சேர்த்து மறுபடி குலுக்கினால், மெக்னீசியம் சல்பேட் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். குழாய் கையில் சுடும். மையவிலக்கியில் சுற்றி எடுத்தால் மருந்து மேலடுக்கில் தெளிந்து நிற்கும். அதிலிருந்து சிறிதளவு எடுத்து, சர்க்கரையையும் கொழுப்பு அமிலங்களையும் ஒரு தூளால் நீக்கினால் மாதிரி தயார். நறுக்கிய ஆறு மாதிரிகளை ஒருவரே அரை மணி நேரத்துக்குள் தயாரிக்கலாம், மாதிரிக்கு ஏறத்தாழ ஒரு டாலர் செலவு என்று அவர்கள் எழுதினார்கள்.

கீரையும் கறிவேப்பிலையும் இங்கே கொஞ்சம் படுத்தும். அவற்றின் பச்சையத்தை நீக்கக் கரித்தூள் சேர்ப்பார்கள். அளவு கூடினால் அந்தக் கரி சில மருந்துகளையும் சேர்த்து விழுங்கிவிடும்.

தயாரான மாதிரி நிறை நிறமாலைமானிக்குப் போகும். அது ஒவ்வொரு மூலக்கூறையும் எடைபோட்டு, உடைத்து, துண்டுகளையும் எடைபோடும். ஒரு மருந்தின் பெயரைச் சொல்ல, குறைந்தது இரண்டு துண்டுகளாவது பொருந்த வேண்டும். இப்படித்தான் ஒரே ஓட்டத்தில் நூற்றுக்கணக்கான மருந்துகளைத் தேட முடிகிறது.

பத்து லாரியில் ஒரு கிராம்

தனி வரம்பு குறிக்கப்படாத மருந்துகளுக்கு இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பொதுவாகக் கொள்ளும் அளவு, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். தலா பத்து டன் ஏற்றிய பத்து லாரித் தக்காளியில் மொத்தமே ஒரு கிராம் மருந்து! இவ்வளவு நுட்பமாகத் தேடும் கருவிக்கும் கண்ணில் படாதவை உண்டு. மான்கோசெப், கிளைபோசேட், பாராகுவாட் ஆகியவை இந்தப் பொது முறையில் சிக்குவதில்லை. தனித்தனிச் சோதனை வேண்டும். ‘கண்டறியப்படவில்லை’ என்ற வரிக்கு, தேடிய பட்டியலில் உள்ளவை கிடைக்கவில்லை என்பது மட்டுமே அர்த்தம்.

ஆகவே அறிக்கையைப் பார்ப்பவர் மூன்றைக் கவனிக்க வேண்டும்: எத்தனை மருந்துகளைத் தேடினார்கள், எந்த அளவு வரை கண்டறிய முடியும், அந்தச் சோதனையைச் செய்ய ஆய்வகத்துக்கு என்.ஏ.பி.எல். (தேசிய ஆய்வக அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உண்டா. இன்னொன்று: காயில் கம்பியைக் குத்தி எண் காட்டும் சிறு கருவிகள் மின்கடத்தலை வைத்து நைட்ரேட்டை ஊகிப்பவை. பூச்சிமருந்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

வீட்டில் என்ன செய்யலாம்?

ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுவது, மேலே ஒட்டியுள்ள மருந்தில் கணிசமான பங்கை நீக்கும். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2017-இல் ஆப்பிளை வைத்துச் செய்த ஆய்வில், லிட்டருக்கு 10 கிராம் சமையல் சோடா கரைத்த தண்ணீர், தோலின் மேல் பூசிய தயாபெண்டசோலில் 80 சதவீதத்தை 12 நிமிடத்திலும், பாஸ்மெட்டில் 96 சதவீதத்தை 15 நிமிடத்திலும் நீக்கியது. தோலுக்குள் ஊடுருவிய பங்கு அசையவில்லை. தோல் சீவினால் அதிலும் ஒரு பகுதி போகும். செடிக்குள்ளேயே பாய்ந்து பரவும் மருந்துக்குக் கழுவுதலும் சீவுதலும் முழுத் தீர்வாகாது. சோப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

சோதனையை எங்கே வைப்பது?

மருந்து அடித்ததற்கும் அறுவடைக்கும் இடையே எத்தனை நாள் விட வேண்டும் என்பது பயிருக்குப் பயிர் வரையறுக்கப்பட்டிருக்கிறது. விலை ஏறியிருக்கும் வாரத்தில் அத்தனை நாள் காத்திருக்க விவசாயிக்கு மனம் வராது. இரண்டு நாளைக்கு ஒருமுறை பறிக்க வேண்டிய வெண்டையில் அந்த விதியைக் கடைப்பிடிப்பது இன்னும் கடினம். எனவே முதல் சோதனை தோட்டத்துக்கு அருகில், கொள்முதல் இடத்தில் நடக்க வேண்டும். அட்டையில் சந்தேகம் வந்த சரக்கை நிறுத்திவைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அட்டையில் தேறியதிலும் அவ்வப்போது சில மாதிரிகளை அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அட்டைக்குத் தெரியாத மருந்துகளுக்கு வழி திறந்தே கிடக்கும்.

வாங்குபவருக்கும் உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஓர் உரிமை தந்திருக்கிறது. 40-ஆவது பிரிவின்படி, கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாங்கிய பொருளை யாரும் கட்டணம் செலுத்திப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கலாம். சட்டமீறல் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தனி ஆள் செய்வது சிரமம். குடியிருப்போர் சங்கங்களும் பள்ளி, விடுதிச் சமையற்கூடங்களும் மொத்தமாக வாங்கும் காய்க்கு மாதம் ஒரு மாதிரியை அனுப்பத் தொடங்கினால், அந்தச் செய்தி மொத்த வியாபாரி வழியாகத் தோட்டம் வரை போய்ச் சேரும்.