ஜன்னல் இல்லாத அறை

குளிர் தேசக் குறிப்புகள் – 6

வேலூர் காந்தி ரோட்டில் அறை தேடி வரும் வங்காளக் குடும்பம் லாட்ஜ்காரரிடம் எடுத்தவுடன் வாடகை கேட்காது. சி.எம்.சி. கேட்டுக்கு எத்தனை நிமிட நடை, அறையில் சமைக்கலாமா, ஸ்டவ்வும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்குமா? இது மூன்றும் தெரிந்த பிறகுதான் பேரம். மூன்று வாரமோ மூன்று மாதமோ, டாக்டர் போகச் சொல்லும்வரை இருக்க வந்தவர்கள். நூறு ரூபாய் குறைகிறதே என்று தொலைவில் அறை எடுத்தால், நடக்க முடியாத நோயாளியை ஆட்டோவில் ஏற்றி இறக்கியே அந்த நூறு முந்நூறாகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அமிர்தியிலிருந்து கணியம்பாடி வழியாக பஸ் பிடித்து வந்து, அப்படியொரு லாட்ஜின் முன் மேஜையில் இரண்டு வருடம் உட்கார்ந்தவன் நான். ஆம்பூர் ஷூ கம்பெனி வேலையெல்லாம் அதற்குப் பிறகு. ஸ்டாக்ஹோமில் அறை பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த மேஜைதான்.

கம்பெனி நாட்களில் ஐரோப்பா என்றால் எங்களுக்கு டுசெல்டார்ஃப். ஜி.டி.எஸ். என்ற காலணிக் கண்காட்சி அங்கே வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும். 2017-ல் அந்தப் பெயரும் அமைப்பும் மாறிவிட்டன. அதற்கு முன்பெல்லாம் சாம்பிள் பெட்டியோடு ஆம்பூர், ராணிப்பேட்டை ஆட்கள் அங்கே போவது வழக்கம். முதல் முறை நான் கிளம்பியபோது, பல வருடம் போய்வந்த ஒரு பாய் கூப்பிட்டுச் சொன்னார்: “தம்பி, ஃபேர் நடக்கிற ஊர்ல தங்காதே. அந்த நாலு நாளும் மாட்டுக்கொட்டகைக்குக்கூட மூணு மடங்கு கேப்பான். டூயிஸ்பர்க்ல ரூம் போடு, கால் மணி நேர ரயில்.” அவர் சொன்னபடியே செய்தேன். ரயிலில் எதிர் சீட்டில் இத்தாலிக்காரர் ஒருவர், அவர் மடியிலும் சாம்பிள் பெட்டி!

இந்த முறை பயணம் சொந்தக் காசில். ஆகவே கணக்கு இன்னும் இறுக்கம்.

குளிர்காலம் என்றால் வடக்கே எல்லா ஊரும் மலிவு என்று நினைத்துவிட வேண்டாம். கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ஹெல்சிங்கி, தாலின் ஆகிய ஊர்களில் புத்தாண்டுக் கொண்டாட்டம் முடிந்ததும் கூட்டம் வற்றி, அறை வாடகை இறங்கும். அங்கே பல ஓட்டல்கள் வியாபார வேலையாக வருபவர்களை நம்பி நடப்பவை. அவர்கள் வாரக் கடைசியில் வீட்டுக்குப் போய்விடுவதால், செவ்வாய் இரவைவிடச் சனி இரவு மலிவாகக் கிடைக்கும். நம் ஏலகிரியில் இது அப்படியே தலைகீழ். ஆனால் ஆர்க்டிக் வட்டத்தை நெருங்கினால் கதை வேறு. நார்வேயின் த்ரோம்சோவுக்கும் பின்லாந்தின் ரோவானியெமிக்கும் குளிர்காலம்தான் சீசன். வானத்தில் பச்சை ஒளி பார்க்கவும், கிறிஸ்துமஸ் தாத்தாவின் ஊர் என்று குழந்தைகளைக் கூட்டிக்கொண்டும் உலகமே அங்கே திரள்கிறது. டிசம்பரில் அங்கே அறை தேடுவது தீபாவளிக்கு முந்தைய நாள் கோயம்பேட்டில் பஸ் தேடுவது மாதிரி. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே தங்குமிடச் சான்று காட்டவேண்டும். ரத்து செய்தால் பணம் திரும்பும் அறைக்குக் கொஞ்சம் விலை கூடுதல். திரும்பாத அறை மலிவு. சில வருடங்களுக்கு முன் மலிவைப் பார்த்து ஆசைப்பட்டேன். விசா வரவில்லை. பணமும் வரவில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது, சின்ன எழுத்தில் எல்லாம் போட்டுத்தான் இருந்தார்கள்.

சரி, எந்த அறை? காந்தி ரோட்டு முதல் கேள்வியையே கேட்டேன்: ரயில் நிலையத்திலிருந்து எத்தனை நிமிட நடை? கோடையில் இரண்டு கிலோமீட்டர் ஒன்றும் பெரிதில்லை. ஜனவரியில், உருகி மறுபடி உறைந்து கண்ணாடியாகிவிட்ட நடைபாதையில், சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு போவது வேறு. கருங்கல் பாவிய தெருவில் பனி நிறைந்தால் சக்கரம் சுற்றாது. பெட்டியைத் தூக்கத்தான் வேண்டும். டாக்சி வாடகை அறை வாடகையில் பாதியைத் தின்றுவிடும். போதாததற்கு வழுக்காமலிருக்கத் தெருவில் உப்பு தூவியிருப்பார்கள். ஈரம் காய்ந்ததும் ஷூவின் மேல் வெள்ளைக் கோடு படியும். எங்கள் ஊரில் பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டு அனுப்புவார்கள். தோல் ஷாப்பில் முதல் வேலையே ஊறப்போட்டு அந்த உப்பை எடுப்பதுதான். இத்தனை பாடுபட்டு எடுத்த உப்பு, ஷூவாகிக் கடல் தாண்டிய பிறகும் தோலைத் தேடி வந்து ஒட்டிக்கொள்கிறது. நிலையத்துக்குப் பக்கத்து அறைக்கு ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்தேன். வருத்தமில்லை.

அந்த ஆயிரத்தை வேறிடத்தில் மிச்சம் பிடித்தேன். ஸ்டாக்ஹோமில் ‘ஜன்னல் இல்லாத அறை’ என்றே ஒரு வகை உண்டு. பெரும்பாலும் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கும். வாடகை நன்றாகக் குறையும். வேலூர் வெயிலில் அப்படி ஒரு அறையைக் காட்டினால் லாட்ஜ்காரரோடு சண்டைக்குப் போவோம். ஆனால் அங்கே டிசம்பர் கடைசியில் மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைகிறது. நான் போன ஜனவரி நடுவில் மூன்றரைக்குள் இருட்டு. காலையில் வெளிச்சம் வருமுன் கிளம்பி, இருட்டியபின் திரும்புகிறவனுக்கு ஜன்னல் எதற்கு? மலிவு அறை குளிருமோ என்ற பயமும் வேண்டாம். கட்டடம் முழுக்கச் சூடேற்றியிருப்பார்கள். சட்டை மட்டும் போட்டுக்கொண்டு தூங்கினேன். உண்மையைச் சொன்னால், மார்கழியில் ஜவ்வாது மலைக்காற்று இறங்கும் என் அமிர்தி ஓட்டுவீட்டில்தான் நான் அதிகம் நடுங்கியிருக்கிறேன்.

சாப்பாடு. அந்த நாடுகளில் ஓட்டல் வாடகையோடு காலை உணவு சேர்ந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். கம்பு ரொட்டி மாதிரி கறுத்த ரை ரொட்டி, பாலாடைக்கட்டி, முட்டை, ஊறவைத்த மீன், ஓட்ஸ் கஞ்சி. ஒன்பது மணிக்கு நிதானமாகச் சாப்பிட்டால் மதியத்தைத் தாண்டிவிடும். ஹாஸ்டல்களில் இது கிடையாது, சமையலறை உண்டு. படுக்கை விரிப்புக்கும் துண்டுக்கும் தனிக்காசு வாங்கும் இடங்கள் உண்டு. கிளம்பும்போது அறையைக் கூட்டித் துடைக்காவிட்டால் அதற்கும் ஒரு கட்டணம். விரிப்பை வீட்டிலிருந்தே எடுத்துப் போய்விட்டேன். கூட்டித் துடைப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஆனால் ரசத்துக்குத் தாளித்ததுதான் தப்பு. கடுகு வெடித்து மிளகாய் கமறிய நொடியில் கூரையிலிருந்த புகை எச்சரிக்கை மணி அலற, நான்கு மாடியிலிருந்தும் ஆட்கள் கோட்டு மாட்டிக்கொண்டு பனியில் இறங்கி நின்றார்கள். ஒரு ஜெர்மன் பாட்டி மட்டும் என்னிடம் வந்து, அது என்ன வாசனை என்று கேட்டார். மிச்ச ரசத்தில் ஒரு டம்ளர் அவருக்கு.

மலிவு அறையில் எனக்குப் பிடித்தது தரையிலேயே இல்லை. ஸ்டாக்ஹோமிலிருந்து ஹெல்சிங்கிக்கு மாலையில் கிளம்பி மறுநாள் காலை சேரும் கப்பல்கள் ஓடுகின்றன. பயணமும் ஓர் இரவுத் தங்கலும் ஒரே சீட்டில். அது ஏன் அவ்வளவு மலிவு என்று விசாரித்தேன். வழியில் ஓலந்து என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. பின்லாந்துக்குச் சொந்தம், ஆனால் ஐரோப்பிய யூனியனின் வரி வளையத்துக்கு வெளியே. அங்கே மரியஹாம் துறைமுகத்தில் கப்பல் நின்றுபோனால் போதும், உள்ளே இருக்கும் கடையில் வரியில்லாமல் மது விற்கலாம். லாபம் பாட்டிலில் வந்துவிடுகிறது. குடிக்காத என்னைப் போன்றவர்களுக்கு அதனால் கொள்ளை லாபம்.

இருப்பதிலேயே மலிவான கேபின் கார்கள் நிறுத்தும் தளத்துக்கும் கீழே. அதிலும் ஜன்னல் இல்லை. நள்ளிரவு வாக்கில் மரியஹாமில் சங்கிலி ஓசையும் காலடிகளும் கேட்டன, மறுபடி தூங்கிவிட்டேன். விடியலில் எழுப்பியது வேறு சத்தம். ஹெல்சிங்கி நெருங்க நெருங்கக் கடல் உறைந்திருக்க, கப்பல் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு போயிற்று. தலைமாட்டு இரும்புச் சுவருக்கு அந்தப் பக்கம் கரகரவென்று உரசி, புரண்டு, மோதி... தோல் ஷாப்பில் பெரிய மர டிரம் சுற்றும்போது பக்கத்துத் திண்ணையில் படுத்திருந்தால் இப்படித்தான் கேட்கும். ஆம்பூரில் இரவு ஷிஃப்ட் பார்த்த நாட்களில் அந்தச் சத்தத்தில்தான் தூங்குவேன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். இறங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

(தொடரும்)