வண்டலூர் ஹெரால்டும் விருதுநகர் வெயிலும்

பழைய கார்களில் ஆர்வம் கொண்டவர்களின் பேச்சில் மூன்று செய்திகள் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடக்கும். எந்த ஆண்டு எந்த மாடலில் என்ன மாறியது என்ற துணுக்குத் தகவல்கள் ஒன்று. அந்தக் கார் எந்த ஆலையில் என்ன நெருக்கடியில் உருவானது என்ற வரலாறு மற்றொன்று. பழுதை எப்படிச் சரிசெய்வது என்ற யோசனை மூன்றாவது. இவற்றுள் கடைசியது மட்டுமே உருப்படியானது, மற்ற இரண்டும் பொழுதுபோக்கு என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், ஆலையின் வரலாறு தெரியாதவர் பட்டறையில் தவறான முடிவையே எடுப்பார் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே தயாரான ஒரு கார் சான்றாக நிற்கிறது. அது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு.

சிவகாசியில் ஸ்டாண்டர்ட் என்றால் 1942-இல் தொடங்கப்பட்ட பட்டாசு நிறுவனமே நினைவுக்கு வரும். இந்தக் காருக்கும் அதற்கும் தொடர்பில்லை. இங்கிலாந்தின் கவண்ட்ரி நகரில் 1903-இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியின் கூட்டுறவோடு, 1948-இல் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனம் உருவாகி, வண்டலூரில் தன் ஆலையை அமைத்தது. அதே 1948-இல்தான் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டித் தருவதற்காக அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பட்டது. அது 1955-இல் அசோக் லேலண்ட் ஆகி லாரி, பேருந்துத் தயாரிப்புக்குத் திரும்பிவிட, சென்னையின் கார் ஆலையாக வண்டலூரே நிலைத்தது. முதலில் வேன்கார்டு, பிறகு ஸ்டாண்டர்ட் எய்ட், டென் என்ற சிறிய கார்கள், 1961-இல் ஹெரால்டு என்று அதன் தயாரிப்பு வளர்ந்தது. கல்கத்தாவின் அம்பாசிடர், பம்பாயின் ஃபியட், சென்னையின் ஹெரால்டு ஆகிய மூன்றுமே அந்தத் தலைமுறைக்குத் தெரிந்த கார்கள்.

ஹெரால்டின் உடலமைப்பைப் புரிந்துகொள்ள 1953-க்குப் போக வேண்டும். அதுவரை இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் நிறுவனத்துக்குக் காரின் மேல்கூட்டை அடித்துக் கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற ஆலையை, போட்டி நிறுவனமான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் அந்த ஆண்டு வாங்கிவிட்டது. அக்காலத்தில் மற்ற நிறுவனங்கள் தளமும் சுவரும் கூரையும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, கூடே பாரத்தைத் தாங்கும் ஒற்றைக்கூட்டு அமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தன. அத்தனை பெரிய கூட்டை ஒரே இடத்தில் செய்து தர ஆள் கிடைக்காத நிலையில், ஸ்டாண்டர்ட் நிறுவனம் பழைய முறைக்கே திரும்பியது: அடியில் சேசிஸ் என்னும் இரும்புச் சட்டம், அதன் மேல் வெவ்வேறு ஆலைகளில் தனித்தனியாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கிய உடல் பகுதிகள். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கலோட்டி அதற்கு அழகான உருவம் கொடுக்க, 1959 ஏப்ரலில் ட்ரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் கார் வெளிவந்தது. தனித்தனிப் பகுதிகளாகப் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றி, வேறொரு நாட்டில் பூட்டிக்கொள்ள இந்த அமைப்பு மிகவும் வசதியாக இருந்தது. கவண்ட்ரிக்கு நெருக்கடியாக வந்தது வண்டலூருக்கு வாய்ப்பாயிற்று.

இந்த வரலாறு இன்றைய டிங்கரிங் பட்டறைக்கு நேரடியாகப் பயன்படும். ஹெரால்டின் கதவு சரியாகச் சாத்தவில்லை என்றாலோ, கதவுக்கும் உடலுக்கும் இடைவெளி மேலே குறைந்தும் கீழே அகன்றும் இருந்தாலோ, அம்பாசிடருக்குச் செய்வதுபோல் கீலை நெம்புவது தவறான வைத்தியம். சேசிஸுக்கும் உடலுக்கும் இடையில் வைக்கப்பட்ட ரப்பர் பேக்கிங்கும் தகட்டு வில்லைகளும் நைந்து ஒரு பக்கம் இறங்கியிருப்பதே பெரும்பாலும் காரணம். அவற்றை மாற்றி, போல்ட்டுகளைச் சீராக முடுக்கினாலே கதவு தானாக இடத்துக்கு வரும். கடற்கரை ஊர்களில் இரும்புச் சட்டம் துருவால் அரிக்கப்படும். விருதுநகர், சாத்தூர் போன்ற வறண்ட பகுதிகளில் துருவின் தொல்லை குறைவு என்றாலும், ரப்பர் வெயிலில் இறுகி வெடித்துவிடுவதால் இந்த வில்லைகளையே முதலில் பார்க்க வேண்டும்.

ஹெரால்டில் கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்தாகக்கூடிய ஒரு பாகம் உண்டு. முன்பக்கம் முழுவதையும் பானெட்டோடு சேர்த்து முன்னோக்கிக் கவிழ்த்தால் எஞ்சினும் முன் சக்கரங்களும் திறந்த வெளியில் தெரியும். பழுதுபார்ப்பவர் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை செய்யக்கூடிய அளவுக்கு இடம் கிடைக்கும். அப்படிப் பார்த்தால், முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான எஃகுத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டப்பட்டு, அது ஒரு பித்தளை நிறக் கட்டைக்குள் திருகப்பட்டிருப்பதைக் காணலாம். ட்ரன்னியன் என்பது இந்தக் கட்டையின் பெயர். ஸ்டீயரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் எஃகு மரை இதற்குள் சுழல்கிறது. இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மரை எதிரெதிர்த் திசையில் வெட்டப்பட்டிருப்பதால் ஒன்றை மற்றொன்றுக்கு மாற்றிப் போட முடியாது. தயாரித்த நிறுவனத்தின் கையேடு இதற்குக் கேட்பது கிரீஸை அன்று. பட்டறைகளில் 90 நம்பர் என்று அழைக்கப்படும் கெட்டியான கியர் ஆயிலை. அம்பாசிடரின் முன் சக்கரத்துக்குக் கிரீஸ் அடித்துப் பழகிய கை இங்கும் கிரீஸையே அடித்துவிடுகிறது. கிரீஸ் மரையின் அடிவரை இறங்காமல் மேலேயே இறுகி வழியை அடைத்துவிட, அடியில் தங்கும் ஈரம் எஃகைத் தின்கிறது. பிறகு ஒருநாள் தண்டு முறிந்து, சக்கரம் உள்ளே மடிந்து, காரின் மூக்கு சாலையில் உட்கார்ந்துவிடும். ஹெரால்டு வைத்திருப்பவர் வேறு எதை மறந்தாலும், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மிகாமல், புழுதிச் சாலையில் ஓடும் வண்டியானால் அதில் பாதித் தூரத்துக்கு ஒருமுறை, இந்தக் கட்டைக்குள் ஆயில் இறங்குகிறதா என்று தானே குனிந்து பார்க்க வேண்டும்.

பின் சக்கரங்களின் கதை வேறு. குறுக்கே கிடக்கும் ஒரே பட்டை ஸ்பிரிங்கில் இரு சக்கரங்களும் தொங்க, ஒவ்வொரு அரை ஆக்ஸிலும் நடுவில் உள்ள மூட்டிலிருந்து தனித்தனியே மேலும் கீழும் ஊசலாடும் அமைப்பு அது. குண்டும் குழியுமான சாலையில் இது சுகமாக ஓடினாலும், வேகமாக வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடங்கி, காரின் பின்பகுதி நழுவும். இந்திய ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் இந்த அமைப்பை விரும்பவில்லை. வண்டலூர்ப் பொறியாளர்கள் அதற்குச் செவிசாய்த்தார்கள்: இங்கிலாந்தில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டைச் செய்தவர்கள், 1970களின் தொடக்கத்தில் கெஸல் என்ற மாடலைக் கொண்டுவந்தபோது ஊசலாடும் ஆக்ஸிலை நீக்கி, இரு சக்கரங்களையும் ஒரே குழாயில் இணைக்கும் வழக்கமான ஆக்ஸிலைப் பொருத்தினார்கள். மூல வடிவத்தை வாங்கிப் பூட்டிக் கொடுத்த ஆலை என்று இதை ஒதுக்கிவிடுவோர் இந்த மாற்றத்தை நினைவில் கொள்ளட்டும். எஞ்சின் மட்டும் கெஸலிலும் அதே 948 சி.சி.யாகவே இருந்தது.

குளிர்நாட்டுக்காக வடிவமைக்கப்பட்ட அந்தச் சிறிய எஞ்சின், சித்திரை வெயிலில் சிவகாசிச் சாலையில் கொதிப்பது வியப்பன்று. பல பட்டறைகளில் உடனே செய்வது, நீரின் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவதுதான். அதனால் எஞ்சின் தொடக்கத்தில் நெடுநேரம் குளிர்ந்தே ஓடித் தேய்வதைத் தவிர நன்மை ஏதுமில்லை. உண்மையான குற்றவாளி பெரும்பாலும் தண்ணீர்தான். இப்பகுதி ஆழ்துளைக் கிணறுகளின் உப்பு நீரை வருடக்கணக்கில் ஊற்றியதால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் உப்புப் படிந்து பாதி அடைபட்டிருக்கும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, காய்ச்சி வடித்த நீரில் கூலண்ட் கலந்து ஊற்றுவதே தீர்வு. அடுத்துப் பார்க்க வேண்டியது ரேடியேட்டர் மூடி. அதன் ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தைத் தேக்கி நீரின் கொதிநிலையை உயர்த்துகிறது. சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம் கூடினால் கொதிநிலை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி ஏறும். அதற்காக நவீனக் காரின் வலுவான மூடியைப் போட்டால், பழைய ரேடியேட்டரின் ஈயப் பற்றுகள் பிரிந்து ஒழுகும். சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கே ரேடியேட்டர் மூடி அனுப்பிய மாநிலம் இது. சரியான மூடி கிடைக்காமல் போகாது.

பெட்ரோலில் இப்போது புதிய சிக்கல் சேர்ந்திருக்கிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-இல் நாடு முழுவதும் வழக்கமான பெட்ரோலாகவே ஆகிவிட்டது. எத்தனாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன் இருப்பதால், கார்புரேட்டர் அதே அளவு ஊற்றினாலும் கலவை மெலிந்துவிடுகிறது. அதோடு, எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய இயற்கை ரப்பரையும் தக்கையையும் ஊறவைத்துச் சிதைக்கும். எனவே ஹெரால்டின் பெட்ரோல் பம்பில் உள்ள டயாஃப்ரத்தையும் ரப்பர் குழாய்களையும் எத்தனாலைத் தாங்கும் வகையில் மாற்றுவதும், வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கைக் காலி செய்வதும், கலவையில் பெட்ரோலைச் சற்றே கூட்டிச் சரிசெய்வதும் அவசியம். மெலிந்த கலவை சரியாக எரியாமல் புகைக்குழலுக்குள் போய் அங்கே வெடிக்கும். வேறு ஊர்களில் அது சத்தத்தோடு போய்விடும்; வெடிபொருள் ஏற்றும் வண்டிகளின் புகைக்குழலில் தீப்பொறித் தடுப்பான் கட்டாயமாக இருக்கும் சிவகாசி வட்டாரத்தில், புகைக்குழலில் பட்பட்டென்று வெடிக்கும் காரைப் பட்டாசு ஆலை வாசலுக்கோ கிடங்குக்கோ ஓட்டிப்போவது ஒருபோதும் தகாது.

கருவிகளைப் பற்றியும் ஒரு சொல். ஹெரால்டின் போல்ட்டுகள் அங்குலக் கணக்கில் செய்யப்பட்டவை. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர் என்பதால், 13 நம்பர் ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் போல்ட்டின் தலை மழுங்கிவிடும். பேட்டரியை இணைக்கும் முன்னும் நிதானம் வேண்டும். அக்காலத்துப் பிரிட்டிஷ் வடிவமைப்புகள் பலவற்றில் உடலோடு இணைவது பாசிட்டிவ் முனை. பழக்கத்தில் நெகட்டிவைக் கொடுத்தால் டைனமோ கெடக்கூடும்.

இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் என்ற பெயர் 1963-இல் மறைந்துவிட்டது. அதன் பிறகு கால் நூற்றாண்டு அந்தப் பெயரைத் தாங்கியது வண்டலூர் மட்டுமே. 1985-இல், இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 காரின் உடலுக்குள் பழைய வேன்கார்டு வழிவந்த 1,991 சி.சி. எஞ்சினை வைத்து ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய காரைக் கொண்டுவந்தார்கள். அந்தக் கனத்தை இழுக்க அந்த எஞ்சினுக்கு வலுவில்லை. 1988-இல் தயாரிப்பு நின்றது. ஆலையில் எஞ்சியிருந்த உதிரிபாகங்களை ரோவர் பாகங்கள் விற்கும் ஓர் இங்கிலாந்து நிறுவனம் மொத்தமாக வாங்கிச் சென்றது. சென்னையில் அடித்த தகடுகள் இங்கிலாந்துக் கார்களைக் காப்பாற்றப் போயின.

துணுக்குத் தகவலுக்கு இன்று சட்டத்திலும் மதிப்பு வந்திருக்கிறது. 2021 ஜூலையில் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்த, வணிகத்துக்குப் பயன்படாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளை மூல வடிவம் மாறாமல் வைத்திருந்தால் 20,000 ரூபாய் கட்டணத்தில் பழம்பெரும் வாகனமாகப் பதிவுசெய்து, விஏ என்ற எழுத்துகளோடு கூடிய பத்தாண்டு எண்ணைப் பெறலாம். அன்றாட ஓட்டத்துக்கு அனுமதியில்லை. கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ஓட்டலாம். சேசிஸையோ உடலையோ எஞ்சினையோ மாற்றியிருந்தால் இந்தத் தகுதி கிடைக்காது என்பதால், ஆலையிலிருந்து எது எப்படி வந்தது என்று அறிந்தவரின் சொல் இங்கே சான்றாகிறது.

அந்த அறிவின் பெரும்பகுதி எழுத்தில் இல்லை. வயதான மெக்கானிக்குகளின் கையிலும் நினைவிலும் இருக்கிறது. காலண்டரும் டைரியும் நாடெங்கும் அச்சிட்டு அனுப்பும் சிவகாசியில், ஹெரால்டுக்கும் அம்பாசிடருக்கும் தமிழில் ஒரு பழுதுநீக்கும் கையேடு அச்சாகியிருந்தால் எத்தனை வண்டிகள் பழைய இரும்புக் கடைக்குப் போகாமல் தப்பியிருக்கும். பழைய காரின் கையேடோ, பாகங்களின் பட்டியலோ, வாங்கியபோது கொடுத்த ரசீதோ வீட்டுப் பரணில் கிடந்தால், அவற்றைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போடாமல் நகலெடுத்துப் பாதுகாத்து வைக்கவும். அந்த வண்டியைப் பார்த்துவந்த மெக்கானிக் இன்னும் இருந்தால், அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே எழுதி அதோடு சேர்த்து வைக்கவும்.