பனிமலையில் தனியா ஒரு ராத்திரி

குளிர்காலத்தில் இமயமலையில் தனியாகக் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களுக்கு முதல் எதிரி எது தெரியுமா? வியர்வை! மூட்டையோடு ஏறும்போது துணி நனைந்துவிட்டால், ராத்திரி அந்த ஈரமே உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். அதனால், லேசா குளிரினாலும் பரவாயில்லைன்னு ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார்கள். படுக்கும்போது மேலே போர்த்துவது மட்டும் போதாது, கீழே தடிமனாக விரிக்கணும். இல்லாட்டி தரை சூட்டை இழுத்துடும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைப்பார்கள். தண்ணீர் மேலிருந்துதானே உறையும்? (நம்ம அறிவியல் பாடம்தான்!) காலையில் நிமிர்த்தினால் மூடிப்பக்கம் ஐஸ் இருக்காது.

உடம்புச் சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் பேச்சு குழறும், புத்தி தடுமாறும். கூட ஆள் இருந்தா கவனிச்சிடுவாங்க. தனியா இருப்பவருக்குத் தான் தடுமாறுவதே தெரியாது! அதனால் நடுக்கம் வந்த உடனேயே காய்ந்த துணி மாற்றி, ஏதாவது சாப்பிட்டு, தூங்கும் பைக்குள் புகுந்துவிட வேண்டும்.

1953 ஜூலை 3-ல் ஹெர்மன் பூல் என்ற ஆஸ்திரியர் நங்க பர்பத் சிகரத்தைத் தனியாகத் தொட்டார். இறங்கும்போது இருட்டிவிட்டது. சுமார் 8000 மீட்டர் உயரத்தில், கூடாரமும் இல்லாமல், ராத்திரி முழுக்க நின்றுகொண்டே இருந்தார். இத்தனைக்கும் அது கோடைக்காலம்! மறுநாள் இறங்கும்போது யாரோ கூடவே வருவதுபோல் அவருக்குத் தோன்றியதாம். உயிர் பிழைத்தார், உறைபனியில் கால்விரல்கள் சில போயின.