ஆபீஸுக்கும் போகணும்... முட்டியும் முழுசா இருக்கணும்!

காலையில எட்டரை மணிக்கு நல்லூர் காங்கேயம் ரோட்டு ஓரமா ஒரு பத்து நிமிஷம் நின்னு பாருங்க. கம்பெனி வேன் ஒரு பக்கம், பீஸ் மூட்டை ஏத்தின டெம்போ இன்னொரு பக்கம், நடுவுல சந்து கிடைச்ச இடத்துல எல்லாம் பைக்கும் ஸ்கூட்டியும்! அதுல பாதிப் பேர் நம்ம வயசு. காலேஜ் முடிச்சு மெர்ச்சண்டைசரா சேர்ந்தவர், இன்டர்ன்ஷிப்புக்காக எக்ஸ்போர்ட் ஆபீஸுக்கு ஓடுறவர், அக்கவுன்ட்ஸ் செக்ஷன்ல கம்ப்யூட்டர் தட்டுறவர்... மேலே இன் பண்ணின சட்டை, கழுத்துல ஐ.டி. கார்டு, கீழே ஊதினா பறக்கிற ஃபார்மல் பேன்ட். தலைக்கு ஹெல்மெட் இருக்கு (சிலருக்கு அது முழங்கையில தொங்குது, அது தனிக் கதை). இடுப்புக்குக் கீழே? ஒண்ணுமே இல்லை!

சட்டமும் தலையோட நின்னுடுது. 1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம் 129-வது பிரிவு கேட்கிறது ஹெல்மெட் மட்டும்தான். பேன்ட் நம்ம இஷ்டம். ஆனா மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தோட 2022 கணக்கைப் பாருங்க. அந்த வருஷம் இந்தியாவுல சாலை விபத்துல இறந்தவங்க 1,68,491 பேர். அதுல நூத்துக்கு நாற்பத்தி நாலு பேருக்கு மேலே டூவீலர்ல போனவங்க. உயிர் பிழைச்சு, முட்டியும் தொடையும் தேய்ஞ்சு மாசக்கணக்கா கட்டிலோட கிடக்கிறவங்க இந்தக் கணக்குலேயே வரமாட்டாங்க. வேலைக்குச் சேர்ந்து மூணே மாசம், லீவும் கிடையாது, சம்பளமும் கட் ஆகும்னு இருக்கிறவருக்கு அது எவ்வளவு பெரிய அடி!

"லடாக் போறவன்தான் ரைடிங் பேன்ட் வாங்கணும், நான் நல்லூர்ல இருந்து ஸ்டேஷன் ரோடு போறவன், எனக்கு எதுக்குங்ணா?"ன்னு கேட்பீங்க. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். மணிக்கு 45 கிலோமீட்டர்னா நொடிக்கு 12.5 மீட்டர். அந்த வேகத்துல வண்டியை விட்டு விழுந்தா, காய்ஞ்ச ரோட்டுல உடம்பு நிற்கிறதுக்கு ஏறக்குறைய ரெண்டு நொடி, பதிமூணு மீட்டர் ஆகும். ஒரு பஸ் நீளத்துக்கு மேலே தேய்ஞ்சுக்கிட்டே போறோம்! சாதாரண ஜீன்ஸ் அந்த உரசலை ஒரு நொடிகூட முழுசா தாங்காது. மிச்ச நேரத்தைத் தாங்கப் போறது நம்ம தோல். ஃபார்மல் பேன்ட் இன்னும் மோசம். அதுல பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்திருக்கும். பாலியஸ்டர் சூட்டுல கருகாது, உருகும். உருகினது தோல்லேயே ஒட்டும். டாக்டர் அதை உரிச்சு எடுக்கிறதைப் பத்தி இங்கே எழுதலை, சாப்பிட்டுட்டுப் படிக்கிறவங்க இருப்பீங்க.

சரி, பேன்ட் மாத்தினா நிஜமாவே வித்தியாசம் இருக்கா? ஆஸ்திரேலியாவுல லிஸ் டி ரோம் என்ற ஆராய்ச்சியாளரும் அவரோட குழுவும் விபத்துல சிக்கின 212 பைக் ஓட்டிகளோட காயத்தையும் அவங்க போட்டிருந்த துணியையும் ஒண்ணா வச்சு ஆராய்ஞ்சாங்க. 2011-ல வெளியான முடிவு: பைக்குக்குன்னே செஞ்ச பேன்ட் போட்டவங்க ஆஸ்பத்திரியில அட்மிட் ஆகிற வாய்ப்பு ஏறக்குறைய பாதியாக் குறைஞ்சிருக்கு. உள்ளே பேடும் வச்ச பேன்ட்டுன்னா கால்ல அடிபடுற வாய்ப்பு சுமார் 40 சதவீதம் குறைவு. ஆனா அதே ஆராய்ச்சி இன்னொண்ணையும் சொல்லுது. விபத்துல அந்த பேன்ட்டுகள்ல கால்வாசிக்கு மேலே கிழிஞ்சு கையை விரிச்சிடுச்சு. அதாவது 'ரைடிங்'னு லேபிள் ஒட்டினதெல்லாம் ரைடிங் பேன்ட் இல்லை. பார்த்து வாங்கணும்.

பார்த்து வாங்குறதுல நம்ம ஊர்க்காரங்களை யாரு அடிச்சுக்க முடியும்? துணியை ரெண்டு விரல்ல தேய்ச்சு "இது 180 ஜி.எஸ்.எம்., சிங்கிள் ஜெர்சி"ன்னு சொல்ற ஊராச்சே! அந்த விரலைக் கொஞ்சம் இங்கே கொண்டு வாங்க.

உள்ளே திருப்பிப் பாருங்க

ரைடிங் ஜீன்ஸ்ல மூணு ரகம். ஒண்ணு, வெளியே சாதா டெனிம், உள்ளே முட்டிக்கும் பின்பக்கத்துக்கும் மட்டும் அராமிட் துணி தைச்சது. ரெண்டாவது, இடுப்புல இருந்து முட்டிக்குக் கீழே வரைக்கும் முழுசா அராமிட் லைனிங். மூணாவது, லைனிங்கே கிடையாது, நூலிலேயே வலுவான இழையைக் கலந்து நெய்த ஒற்றை அடுக்கு டெனிம்.

அராமிட்னா யாருக்கும் புரியாது, கெவ்லார்னா எல்லாருக்கும் தெரியும். டூபான்ட் கம்பெனியில வேலை பார்த்த ஸ்டெஃபனி குவோலெக் என்ற பெண் விஞ்ஞானி 1965-ல கண்டுபிடிச்சது. குண்டு துளைக்காத உடுப்புல இருக்கிற அதே சரக்கு. பாலியஸ்டர் மாதிரி இது உருகாது. அதனாலதான் உரசலுக்கு இது தோது.

இப்போ ஒரு சுவாரஸ்யமான விஷயம். நல்ல ரைடிங் ஜீன்ஸ் பலதுல உள்ளே இருக்கிற அராமிட் லைனிங், தறியில நெய்ததே இல்லை... நிட்டிங்! நம்ம கம்பெனிகள்ல ஸ்வெட் ஷர்ட்டுக்கு ஓட்டுற லூப் நிட் தெரியும்ல? பின்பக்கம் வளையம் வளையமா இருக்குமே, அதே டெர்ரி அமைப்பு, பஞ்சு நூலுக்குப் பதிலா அராமிட் நூல். ரோட்டுல உரசும்போது முதல்ல அந்த வளையங்கள் இழுபட்டுத் தேயும், அடித்துணி ஓட்டை விழ அவ்வளவு நேரம் தள்ளிப்போகும். நிட்டிங் துணி கொஞ்சம் இழுத்துக் கொடுக்கும்கிறதால பட்டுனு கிழியவும் கிழியாது. எந்தத் துணியை ஊர் முழுக்க ஓட்டுறோமோ அதே பின்னல் நம்ம முட்டியைக் காப்பாத்துதுன்னா சந்தோஷம்தானே!

ஆக, கடையில பேன்ட்டை முதல்ல உள்பக்கமாத் திருப்புங்க. மஞ்சளா ஒரு துணி முட்டியில மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தா, அது போதாது. விழும்போது இடுப்போரமும் பின்பக்கமும்தான் நிறைய தேயும், அங்கேயும் இருக்கணும். லைனிங் பக்கவாட்டுத் தையலுக்குள்ள சேர்த்துப் பிடிச்சு தைச்சிருக்கான்னு பாருங்க. சும்மா மேலாக ஒட்டுத் தையல் போட்டிருந்தா முதல் இழுப்புலேயே விலகிடும். தையல் ரெண்டு மூணு வரிசை ஓடியிருக்கணும். துணி எவ்வளவு வலுவா இருந்தாலும் தையல் பிரிஞ்சா கதை முடிஞ்சுது, இதை எந்த டெய்லர் அக்காவைக் கேட்டாலும் சொல்வாங்க.

ஒற்றை அடுக்கு டெனிம்ல இந்தத் தேடல் வேலை இல்லை, உள்ளே எதுவும் இருக்காது. பார்க்க அச்சு அசல் சாதா ஜீன்ஸ். ஆபீஸுக்கு இதுதான் மாப்பிள்ளை! வெயிட்டும் கம்மி, வெக்கையும் கம்மி. ஆனா கண்ணால பார்த்து தரம் சொல்ல முடியாது. லேபிளை மட்டும்தான் நம்பணும். டெனிமோட எடையை அவுன்ஸ்ல சொல்வாங்க, பயப்படாதீங்க. 12 அவுன்ஸ்னா நம்ம கணக்குல ஏறக்குறைய 407 ஜி.எஸ்.எம்., 14 அவுன்ஸ்னா 475. கனமா இருக்கிறதாலேயே பத்திரம்னும் நினைச்சுடாதீங்க. வெறும் பஞ்சு டெனிம் எவ்வளவு கனமா இருந்தாலும் பஞ்சுதான்.

அந்த ஏ, டபுள் ஏ சமாச்சாரம்

லேபிள்ல 'இஎன் 17092'னு தேடுங்க. 2020-ல வந்த ஐரோப்பியத் தரம் இது. இதுல ட்ரிபிள் ஏ, டபுள் ஏ, ஏ, பி, சி-ன்னு அஞ்சு வகுப்பு. துணியை ஒரு எந்திரத்துல மாட்டி, சுழல விட்டு, கான்கிரீட் மேலே போட்டு உரசிப் பார்ப்பாங்க. அதிகமா அடிபடுற பகுதிக்கு, ட்ரிபிள் ஏ-ன்னா 120 கிலோமீட்டர் வேகத்துக்குச் சமமான சுழற்சி, டபுள் ஏ-ன்னா 70, ஏ-ன்னா 45. 'அப்போ ட்ரிபிள் ஏ போட்டா 120-ல விழலாம்'னு கிளம்பிடாதீங்க மக்களே! அது எந்திரத்தோட வேகம், நம்ம உடம்புக்குக் கொடுத்த கேரன்ட்டி இல்லை. பி-ன்னா உரசலுக்கு ஏ மாதிரியே, ஆனா பேட் இல்லாதது. சி-ன்னா வெறும் பேடைத் தாங்கிப் பிடிக்கிற வலை மாதிரியான உடுப்பு, உரசலைத் தாங்காது.

என்னைக் கேட்டா, ஊருக்குள்ள ஆபீஸ் போய் வர ஏ வகுப்பே பெரிய முன்னேற்றம். அவிநாசி, பல்லடம்னு ஹைவேயில தினமும் ஓடுறவங்க டபுள் ஏ பாருங்க. ட்ரிபிள் ஏ-யைப் போட்டுக்கிட்டு சித்திரை வெயில்ல ரெண்டு நாள் போவீங்க, மூணாம் நாள் பீரோவுல தொங்கும். பீரோவுல தொங்குற பேன்ட் யாரைக் காப்பாத்தும்?

பேடுக்குத் தனித் தரம்: இஎன் 1621-1. குறிப்பிட்ட வேகத்துல ஒரு கனத்தை அதன் மேலே போடுவாங்க. மறுபக்கம் எவ்வளவு விசை போகுதுன்னு அளப்பாங்க. லெவல் 1-ன்னா சராசரி 35 கிலோநியூட்டனுக்குள்ள, லெவல் 2-ன்னா 20-க்குள்ள. ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்குறதை வச்சு ஏமாத்துறவங்க உண்டு. பேடை வெளியே எடுத்துப் பாருங்க, அதன் மேலேயே இந்த எண்ணும் லெவலும் அச்சாகி இருக்கணும். எதுவும் இல்லைன்னா அது தலையணைப் பஞ்சு!

டிரையல் ரூம்ல நின்னு பார்த்து வாங்குறதுதான் பலரும் செய்ற தப்பு. நின்னா பேட் சரியா முட்டியில இருக்கும், வண்டியில உட்கார்ந்தா தொடைக்கு ஏறிடும். அதனால உட்கார்ந்து, முட்டியை மடக்கிப் பாருங்க. கையால பேடை ரெண்டு பக்கமும் தள்ளிப் பாருங்க, சுத்திக்கிட்டுப் போனா அந்த சைஸ் வேண்டாம். வாங்கின பிறகு 'டைட் பண்ணிக் கொடுங்க'ன்னு தெரு டெய்லர்கிட்ட போகாதீங்க, பக்கத் தையலைப் பிரிச்சா லைனிங்கும் பிரியும். கீழே நீளம் குறைக்கிறது மட்டும் பரவாயில்லை.

பாஸ் முறைக்கிறாரா?

"ஜீன்ஸே கூடாது, ஃபார்மல்ஸ்தான்"னு அடம்பிடிக்கிற ஆபீஸ் நிறைய. வெளிநாட்டு பையர் வர்ற அன்னிக்கு கேட்கவே வேண்டாம். அவங்களுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, சினோஸ் மாதிரி தைச்ச ரைடிங் பேன்ட். கறுப்பு, நேவி ப்ளூ, காக்கியில வருது. பேடை மட்டும் ஆபீஸ் போனதும் உருவி டிராயர்ல போட்டுட்டா முட்டி உப்பலா தெரியாது. (சாயங்காலம் திருப்பிப் போட மறக்கிறவங்கதான் அதிகம். சாவிக்கொத்தை அந்த பேடோட சேர்த்து வச்சுடுங்க, போட்டுக்காம கிளம்பவே முடியாது!) இன்னொண்ணு, ஓவர்பேன்ட். உங்க அயர்ன் பண்ணின பேன்ட்டுக்கு மேலேயே போட்டுக்கிற மாதிரி, இடுப்புல இருந்து கணுக்கால் வரை பக்கத்துல முழு ஜிப். ஷூவைக் கழட்டாம அரை நிமிஷத்துல உருவிடலாம். மடிப்புக் கலையாத பேன்ட்டோட சீட்ல போய் உட்காரலாம். ஃபார்மல்ஸ் ஆபீஸுக்கு எனக்குப் பிடிச்ச வழி இதுதான். மழைக்குப் போடுற பிளாஸ்டிக் பேன்ட்டை இதோட சேர்த்துக் குழப்பிக்காதீங்க, அது தண்ணிக்கு மட்டும்.

ஸ்கூட்டியில போற தோழிகளுக்கு இதைவிட சுலபம். காட்டன் லைக்ரா லெகிங்ஸ் உரசலுக்கு ஒண்ணுமே இல்லை, ஆனா அதே வடிவத்துல அராமிட் லைனிங் போட்டு, முட்டிக்கு பேட் பாக்கெட் வச்ச ரைடிங் லெகிங்ஸ் வருது. மேலே குர்த்தி போட்டா யாருக்கும் தெரியாது, பேன்ட்டே மாத்த வேண்டாம். துப்பட்டாவை மட்டும் பின் சக்கரத்துக்கு எட்டாம கட்டிக்கோங்க.

காசுதான் பிரச்னை, தெரியும். ராயல் என்ஃபீல்டு, ரைநாக்ஸ், வயாடெர்ரா, சோலஸ்னு நம்ம நாட்டு பிராண்டுகளே பைக் பேன்ட் விற்குது. ஆனா நாலஞ்சாயிரத்துக்குக் கீழே நல்லது கிடைக்கிறது கஷ்டம். காதர்பேட்டையில கிலோ கணக்குல பேரம் பேசின நாக்குக்கு இது கசக்கத்தான் செய்யும். முதல் சம்பளம் வர்ற வரைக்கும் என்ன பண்ணலாம்? தரம் அச்சான முட்டி பேடை ஸ்ட்ராப்போட வாங்கி, கனமான ஜீன்ஸுக்கு மேலே கட்டிக்கலாம். தேய்மானத்துக்குப் பெருசா உதவாது, ஆனா முட்டி நேரா தரையில மோதுற அடியைக் குறைக்கும்.

வாங்குறதுக்கு முன்னாடி மோட்டோகேப்ல ஒருமுறை தேடிப் பாருங்க. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து 2018-ல ஆரம்பிச்ச திட்டம். கடையில இருந்து தாங்களே உடுப்பை வாங்கி, சோதிச்சு, மார்க்கை இலவசமா வெளியிடுறாங்க. பாதுகாப்புக்கு ஒரு மார்க், வெக்கை எவ்வளவு தாங்கலாம்கிறதுக்குத் தனி மார்க்! நம்ம ஊர் பிராண்டுகள் அதுல அதிகம் இருக்காது. ஆனா எந்த மாதிரி லைனிங்குக்கு நல்ல மார்க் விழுதுன்னு பார்த்தா கண்ணு பழகிடும்.

கடைசியா அம்மாவுக்கு ஒரு தகவல். இந்த பேன்ட்டை ப்ளீச்சிங் பவுடர் போட்ட வாளியில ஊற வைக்கவே கூடாது, குளோரின் அராமிட் இழையை அரிச்சிடும். பேடை உருவிட்டு, உள்பக்கம் திருப்பாம அப்படியே நிழல்ல காயப் போடச் சொல்லுங்க. வெயில் நேரா அராமிட்ல பட்டா அதுவும் அதை மெதுவா பலவீனப்படுத்தும். காய்ஞ்சதும் பேடைத் திரும்பப் போடும்போது, எந்தப் பக்கம் வெளியேன்னு பார்த்துப் போடுங்க.