மோத்மேன் அருங்காட்சியகம்

மோத்மேன் அருங்காட்சியகம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், பாயிண்ட் பிளசண்ட் என்னும் சிறுநகரில் உள்ள தனியார் அருங்காட்சியகம் ஆகும். 1966, 1967 ஆம் ஆண்டுகளில் இந்நகரைச் சுற்றிக் காணப்பட்டதாகக் கூறப்படும் மோத்மேன் என்னும் சிறகுள்ள உயிரினத்தைப் பற்றிய பொருட்கள் இங்கு காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. இது 2005 இல் தொடங்கப்பட்டது. மோத்மேன் என்பதற்கு அந்துப்பூச்சி மனிதன் என்று பொருள். இவ்வுயிரினம் இருந்ததற்கு உடலோ எலும்போ இறகோ சான்றாகக் கிடைத்ததில்லை. ஆனால் இக்கதையுடன் சேர்த்துச் சொல்லப்படும் பால விபத்து உண்மையாக நிகழ்ந்தது. அதில் 46 பேர் உயிரிழந்தனர்.

கதையின் தொடக்கம்

பாயிண்ட் பிளசண்ட், ஒகையோ ஆறும் கனாவா ஆறும் கூடும் இடத்தில் அமைந்துள்ளது. நகருக்கு வடக்கே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டி.என்.டி. வெடிபொருள் தயாரித்த தொழிற்சாலை ஒன்று இருந்தது. போருக்குப் பின் கைவிடப்பட்ட அவ்விடத்தை மக்கள் டி.என்.டி. பகுதி என்று அழைத்தனர். வெடிபொருள் சேமிப்பதற்காகக் கட்டப்பட்ட, மண்ணால் மூடிய கற்காரைக் கூடங்கள் அங்கு உள்ளன.

1966 நவம்பர் 15 ஆம் நாள் இரவு, அப்பகுதியில் காரில் சென்ற இரண்டு இளம் தம்பதியர் மனித உருவும் பெரிய சிறகுகளும் கொண்ட ஒன்றைக் கண்டதாகக் காவலரிடம் தெரிவித்தனர். அதன் கண்கள் சிவப்பாக ஒளிர்ந்தன என்றும், அது தமது காரைத் தொடர்ந்து பறந்து வந்தது என்றும் அவர்கள் கூறினர். மறுநாள் உள்ளூர் நாளிதழில் இச்செய்தி வெளியானது. அதன் பின்னர் மேலும் பலர் அதனைக் கண்டதாகக் கூறினர். அந்நாளில் தொலைக்காட்சியில் புகழ்பெற்றிருந்த பேட்மேன் தொடரை ஒட்டியே மோத்மேன் என்ற பெயர் ஏற்பட்டது எனப்படுகிறது.

காட்சிப்பொருட்கள்

முதலில் கண்டவர்கள் தம் கையால் எழுதிய வாக்குமூலங்கள், அக்காலச் செய்தித்தாள் நறுக்குகள் ஆகியவை இங்குள்ளவற்றுள் முதன்மையானவை. 2002 இல் ரிச்சர்டு கியர் நடித்து வெளிவந்த தி மோத்மேன் பிராபசீஸ் திரைப்படத்தில் பயன்படுத்திய பொருட்களும் உள்ளன. இப்படம், ஜான் கீல் 1975 இல் வெளியிட்ட அதே பெயருடைய நூலைத் தழுவியது. அருங்காட்சியகத்தின் அருகில் சிவந்த கண்களுடன் ஏறத்தாழ 12 அடி உயரமுள்ள துருப்பிடிக்காத எஃகுச் சிலை நிற்கிறது. இது 2003 இல் நிறுவப்பட்டது. பார்வையாளர்கள் இச்சிலையின் முன் நின்று ஒளிப்படம் எடுத்துக்கொள்வது வழக்கம். 2002 முதல் இந்நகரில் மோத்மேன் திருவிழாவும் நடத்தப்பட்டு வருகிறது.

அறிவியல் விளக்கங்கள்

மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் உயிரியலாளர் ஒருவர், மக்கள் கண்டது வழிதவறி வந்த சாண்ட்ஹில் கொக்காக இருக்கலாம் என்று 1966 இலேயே கருத்துத் தெரிவித்தார். இது மனிதனின் நெஞ்சளவுக்கு மேல் உயரக்கூடிய பெரிய பறவை. இதன் முகத்தின் மேற்பகுதியில் சிவந்த தோல் உண்டு. பெரிய ஆந்தையாக இருக்கலாம் என்பது மற்றொரு விளக்கம். விளக்கொளி படும்போது சில ஆந்தைகளின் கண்கள் சிவப்பாக ஒளிரும். ஒப்பிட்டுப் பார்க்க வேறு பொருள் இல்லாத இருளில், பறவையின் தொலைவையும் அளவையும் தவறாக மதிப்பிடுவது எளிது.

சில்வர் பாலம்

பாயிண்ட் பிளசண்டையும் ஒகையோ மாநிலக் கரையையும் இணைத்த சில்வர் பாலம் 1928 இல் திறக்கப்பட்டது. 1967 டிசம்பர் 15 அன்று மாலை, வாகன நெரிசலின்போது அது ஆற்றில் சரிந்தது. இறந்த 46 பேரில் இருவரின் உடல்கள் கிடைக்கவில்லை. மோத்மேன் இவ்விபத்தை முன்னறிவிக்க வந்தது என்றும், அதுவே விபத்துக்குக் காரணம் என்றும் பின்னர் கதைகள் பரவின. கீலின் நூல் இத்தொடர்பைப் பரவலாக அறியச் செய்தது.

விபத்தின் காரணம் விசாரணையில் கண்டறியப்பட்டது. இப்பாலம் கம்பிவடங்களால் அன்றி, இரு முனைகளிலும் துளையுடைய எஃகுச் சட்டங்களால் ஆன சங்கிலிகளால் தாங்கப்பட்டிருந்தது. இதன் அமைப்பு மிதிவண்டிச் சங்கிலியைப் போன்றது. ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு சட்டங்களே இருந்தன. அவற்றுள் ஒரு சட்டத்தின் துளையோரத்தில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் ஆழமுள்ள விரிசல் அரிப்பினாலும் தகைவினாலும் உருவாகியிருந்தது. அச்சட்டம் முறிந்ததும் மற்றொரு சட்டம் இணைப்பு ஆணியிலிருந்து கழன்றது. சங்கிலி அறுந்தது. அச்சங்கிலியை நம்பியே நின்ற கோபுரங்களும் சாய்ந்தன. இணைப்பைப் பிரித்துப் பார்க்காமல் அவ்விரிசலைக் காண அன்றைய முறைகளால் இயலாது என்பதும் விசாரணையில் தெரியவந்தது.

இதன் விளைவாக அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாலங்களுக்கான தேசிய ஆய்வு விதிகள் 1971 இல் நடைமுறைக்கு வந்தன. பாலங்களைப் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் ஆய்வு செய்ய வேண்டும் என அவை வரையறுத்தன. இதே அமைப்புடன் ஒகையோ ஆற்றின் மேற்பகுதியில் இருந்த செயின்ட் மேரிஸ் பாலம் மூடப்பட்டு, 1971 இல் இடிக்கப்பட்டது. சில்வர் பாலத்துக்கு மாற்றான புதிய பாலம் 1969 இல் திறக்கப்பட்டது.

நினைவிடம்

பழைய பாலம் நகருக்குள் நுழைந்த இடத்தில், இறந்தவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்ட செங்கற்களைக் கொண்ட நினைவிடம் உள்ளது. அருங்காட்சியகத்திலிருந்து நடந்தே அங்கு செல்லலாம். மோத்மேனை முன்னறிவிப்பாகக் கருதினால், இவ்விபத்து தவிர்க்க முடியாத விதியாகிவிடும். விரிசலைக் காரணமாக அறிந்ததனாலேயே, பிற பாலங்களில் அதுபோல் நேராமல் தடுக்க வழி பிறந்தது. இவ்வருங்காட்சியகத்துக்குச் செல்பவர்கள் நினைவிடத்தையும் கண்டால்தான் இந்நகரின் வரலாறு முழுமையாக விளங்கும்.