குழந்தைப் பாதுகாப்பு விசாரணை: எதைக் காக்க வேண்டும், எதைக் கேட்கலாம்?

வேடசந்தூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. ஏழாம் வகுப்பு மாணவியின் உடலில் காயங்களைக் கண்ட வகுப்பாசிரியர் 1098-க்குத் தெரிவிக்கிறார். சிறுமி திண்டுக்கல்லில் ஓர் இல்லத்தில் சேர்க்கப்படுகிறாள் என வைத்துக்கொள்வோம். மறுநாள் பள்ளி வாசலில் பாட்டி நிற்கிறார்: “எங்க பிள்ளைய எங்க டீச்சர் வச்சிருக்கீங்க? யாரைக் கேட்டா சொல்லுவாங்க?”

இக்கேள்விக்கு விடை சொல்ல, நாம் இரண்டு விதிகளை அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, ரகசியம். சிறார் நீதிச் சட்டம், 2015-இன் 74-ஆம் பிரிவு, குழந்தையின் பெயர், முகவரியுடன் பள்ளியின் பெயரை வெளியிடுவதையும் தடுக்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நாளிதழ்கள் மட்டுமல்ல, பிற தகவல்தொடர்பு வடிவங்களும் இதில் அடங்கும். ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் பெயரைத் தவிர்த்து, “ஏழாம் வகுப்பு, அப்பா மில் வேலை” என்று எழுதினாலும் ஊருக்குப் புரிந்துவிடும். போக்சோ வழக்குகளில் விசாரணையே மூடிய அறையில்தான் நடக்கும். குடும்ப நீதிமன்றத்திலும் ஒரு தரப்பினர் விரும்பினால் அவ்வாறே நடத்த வேண்டும்.

இரண்டாவது, பொறுப்புக்கூறல். மூடிய அறைக்குள் தவறு நடந்தால் யார் கேட்பது? சட்டம் இதற்கும் வழி வைத்துள்ளது. குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். சமூக விசாரணை 15 நாள்களில் முடிய வேண்டும். முதலில் முன்னிறுத்தப்பட்டதிலிருந்து 4 மாதங்களுக்குள் இறுதி உத்தரவு வரவேண்டும். விவரம் அறிந்த வயதுக் குழந்தையின் விருப்பத்தையும் குழு கருத்தில் கொள்ள வேண்டும். குழுவின் செயல்பாட்டை மாவட்ட ஆட்சியர் காலாண்டுதோறும் ஆய்வு செய்கிறார்; குழு மீதான குறைகளைக் கேட்பவரும் அவரே. குழந்தையோடு தொடர்புடைய எவரும் அவரிடம் மனுக் கொடுக்கலாம். குழுவின் உத்தரவை எதிர்த்து, பொதுவாக 30 நாள்களுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

ஆகவே ஆசிரியர் பாட்டியைத் தனியறையில் அமர வைத்து இப்படிச் சொல்லலாம்: “பாட்டி, பிள்ளை விஷயத்தைக் குழந்தைகள் நலக் குழு விசாரிக்குது. நீங்க அங்க போய்ப் பார்க்க அனுமதி கேளுங்க. பதில் சரியில்லைன்னா கலெக்டர்கிட்ட மனுக் கொடுங்க. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில பெண்களுக்கு இலவசமாவே வக்கீல் வச்சுக் கொடுப்பாங்க.”

புகார் அளித்தது யார், குழந்தை என்ன சொன்னாள் என்பவற்றை மட்டும் சொல்லக் கூடாது. அவள் திரும்பி வந்து அதே பெஞ்சில் அமரும் நாளில், வகுப்பில் யாருக்கும் காரணம் தெரிந்திருக்கக் கூடாது.