தலைக்குத் தாமிரம்... முடிக்கு உத்தரவாதமா?

வலங்கைமான் என்றதும் வெடி ஞாபகம் வராதவர்கள் தஞ்சாவூர்ச் சீமையில் குறைச்சல். ஜில்லா பிரித்ததில் ஊர் திருவாரூர்ப் பக்கம் போய்விட்டது. ஆனாலும் திருவிழா, தீபாவளி என்றால் சுற்றுவட்டாரமே வெடி வாங்க இங்கேதான் வருகிறது. (வாங்கிய மூட்டையோடு பஸ் ஏறக்கூடாது, அது வேறு சமாசாரம்!)

வானத்தில் வெடித்துச் சிதறும் பூக்களில் சிவப்பைத் தருவது ஸ்ட்ரான்ஷியம். நீலத்தைத் தருவது தாமிரம். வாணவேடிக்கைக்காரர்களைக் கேட்டால் இந்த நீலம்தான் படுத்தும் என்பார்கள். சூடு கொஞ்சம் ஏறினாலும் தாமிரக் கூட்டு உடைந்து நிறம் வெளிறிவிடும்.

அதே தாமிரம், அதே நீலம், இப்போது இன்னொரு வேடிக்கைக்குக் கிளம்பியிருக்கிறது. சின்னக் கண்ணாடி புட்டி. உள்ளே மயில் கழுத்து நிறத்தில் தண்ணீர் மாதிரி ஏதோ ஒன்று. மூடியைத் திருகினால் சொட்டுக் குழாய். பெயர் 'காப்பர் பெப்டைடு சீரம்'. முகத்தில் தடவினால் தோல் இறுகும், மண்டையில் தடவினால் முடி முளைக்கும் என்று போனைத் திறந்தால் போதும், விளம்பரம் வந்து நிற்கிறது. விலை சில நூறிலிருந்து சில ஆயிரம் வரை.

யார் வாங்குகிறார்கள்? ஒரு பையனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது 27. வலங்கைமானிலிருந்து தினம் காலையில் கும்பகோணத்துக்கு பஸ். அங்கே ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிற வேலை. சலூன்காரர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுக் கேட்கிறார். "என்ன தம்பி, முன்னாடி கொஞ்சம் ஏறிப்போச்சு போலிருக்கே? மேலே இழுத்து விட்டுரவா?" வீட்டில் அம்மா ஜாதகத்தைக் கையில் எடுத்தாயிற்று. பெண் வீட்டுக்கு அனுப்பப் போட்டோ வேண்டும். மூணு வருஷத்துக்கு முந்தைய போட்டோவை அனுப்பலாமா என்று அவன் யோசிக்கிறான். அந்த நேரம் பார்த்து நீலப் புட்டி கண்ணில் படுகிறது!

இந்த ஊரில் சாவின் வாசல் வரை போய்த் திரும்பியவர்கள் பங்குனியில் மாரியம்மனுக்குப் பாடைக் காவடி எடுக்கிறார்கள். போன உயிர் திரும்பினால் அதற்கு ஒரு வேண்டுதல் இருக்கிறது. போன முடி திரும்பினால் என்ன எடுப்பது என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. பாவம், அவன் புட்டியை ஆர்டர் செய்துவிடுகிறான்.

அவன் ஏமாளி என்று சிரித்துவிட்டுப் போகலாம். அது நியாயமில்லை. ஏனென்றால் புட்டிக்குள் இருக்கும் சங்கதி முழுக்க ரீல் அல்ல.

1973-ல் அமெரிக்காவில் லோரன் பிக்கார்ட் என்ற விஞ்ஞானி மனித ரத்தத்திலிருந்து ஒரு துக்கடாவைப் பிரித்தெடுத்தார். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீளமான சங்கிலி. அதில் மூன்றே மூன்று கண்ணி கொண்ட குட்டித் துண்டு இது. கிளைசின், ஹிஸ்டிடின், லைசின் என்ற மூன்றும் சேர்ந்து சுருக்கமாக ஜி.எச்.கே. தாமிரத்தைக் கண்டால் போதும், பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்ததும் வருவதுதான் அந்த நீலம். சீரத்தில் சாயம் ஏதும் கலக்காவிட்டாலும் நீலமாகத்தான் இருக்கும். இருபது வயதில் ரத்தத்தின் பிளாஸ்மாவில் மில்லிலிட்டருக்குச் சுமார் 200 நானோகிராம் இருப்பது அறுபது வயதில் 80 ஆகக் குறைகிறது என்பது பிக்கார்டின் கணக்கு. "குறைவதை வெளியிலிருந்து கொடுத்தால்?" என்ற கேள்வியில்தான் வியாபாரமே பிறந்தது.

தாமிரத்துக்கும் முடிக்கும் சம்பந்தம் உண்டா? உண்டு. தோலை இழுத்துப் பிடித்திருக்கும் கொலாஜன் இழைகளைப் பின்னுகிற என்சைமுக்கும், முடிக்குக் கறுப்பு நிறம் தருகிற என்சைமுக்கும் தாமிரம் வேண்டும். இதை முதலில் ஆடுகள்தான் காட்டிக்கொடுத்தன. தெற்கு ஆஸ்திரேலியாவின் கடலோர மேய்ச்சல் நிலங்களில் தாமிரம் போதவில்லை. அங்கே மேய்ந்த ஆடுகளின் ரோமம் சுருள் போய்க் கம்பி மாதிரி நீட்டிக்கொண்டது. கறுப்பு ஆட்டின் ரோமம் வெளுத்தது. தாமிரம் கொடுத்தால் கறுப்பு, நிறுத்தினால் வெள்ளை. விட்டு விட்டுக் கொடுத்தபோது ஒரே ரோமத்தில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை விழுந்ததாம்! மனிதரிலும் மெங்கிஸ் என்ற அபூர்வ வியாதி உண்டு. 1962-ல் விவரிக்கப்பட்டது. தாமிரத்தை உடம்புக்குள் கொண்டுசேர்க்கும் மரபணு பிறவியிலேயே பழுது. அந்தக் குழந்தைகளுக்கு முடி வெளிறி, முறுக்கிக்கொண்டு, தொட்டால் ஒடியும்.

விளம்பரக்காரர் இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுவார். நாம் நிறுத்தக்கூடாது.

நம்மூர் விவசாயிக்கு இது சுலபமாகப் புரியும். நெற்பயிர் வெளுத்தால் துத்தநாகக் குறையா என்று பார்க்கிறோம். குறை என்றால் ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட். பயிர் பச்சை கட்டிக்கொள்ளும். ஆனால் வாய்க்காலில் தண்ணீரே வராமல் கடைமடையில் காய்கிற பயிருக்கு அதே மூட்டையைக் கொட்டினால்? உரக்கடைக்கு லாபம், அவ்வளவுதான்.

இருபத்தேழு வயதில் முன்நெற்றி ஏறுவது பெரும்பாலும் தாமிரக் குறையால் அல்ல. டி.எச்.டி. என்ற ஹார்மோன், அதற்கு மசிந்துபோகிற முடிக்கால்கள். இந்தக் கூட்டணியைப் பரம்பரை ஏற்படுத்துகிறது, அப்பா வழியும் அம்மா வழியும் சேர்ந்து. (தாய்மாமன் தலையை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.) முடிக்கால் ஒரேயடியாகச் சாவதில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்து, கடைசியில் பூனைமுடி மட்டும் விடுகிறது.

சரி, அந்தச் சிறுத்த முடிக்காலைத் தாமிரப் பெப்டைடு தட்டி எழுப்புமா? 2007-ல் கொரிய ஆராய்ச்சியாளர்கள் ஜி.எச்.கே-யின் நெருங்கிய உறவான ஒரு தாமிரப் பெப்டைடை எடுத்துச் சோதித்தார்கள். தலையிலிருந்து பிரித்தெடுத்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்திருந்த முடிக்கால்கள் கூடுதலாக வளர்ந்தன. நல்ல செய்திதான். ஆனால் பாத்திரத்தில் வளர்வது வேறு, மண்டையில் வளர்வது வேறு. பாத்திரத்தில் மருந்து நேராக முடிக்காலைத் தொடுகிறது. மண்டையிலோ மேல்தோல் என்கிற கதவு இருக்கிறது. மின்னேற்றம் கொண்ட, தண்ணீரில் கரைகிற இந்த மாதிரிப் பொருள்களை அது லேசில் உள்ளே விடாது.

இன்னொரு வரலாறும் உண்டு. பிக்கார்டின் கண்டுபிடிப்பை வைத்து அமெரிக்காவில் புரோசைட் என்ற கம்பெனி ஆரம்பித்தார்கள். முதல் குறி முடி இல்லை, சர்க்கரை வியாதிக்காரர்களின் ஆறாத கால்புண். சின்ன சோதனையில் நம்பிக்கை தெரிந்தது. 1990-களில் பெரிய அளவில் சோதித்தபோது பலன் நிரூபணமாகவில்லை. அதற்குப் பிறகு வண்டி அழகுசாதனம் பக்கம் திரும்பியது. மருந்து என்று விற்க வேண்டுமானால் குணமாக்குகிறது என்று காட்டியாக வேண்டும். 'தோலுக்குப் பொலிவு' என்று விற்க அந்தத் தொந்தரவு இல்லை. வழுக்கைக்கு மருந்து என்று தாமிரப் பெப்டைடுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அங்கீகாரம் தந்ததில்லை. நம் நாட்டிலும் 1945-ஆம் வருஷத்து மருந்து விதிகளில் 'ஜே' என்று ஓர் அட்டவணை இருக்கிறது. தடுப்போம், குணமாக்குவோம் என்று எந்த மருந்தும் பீற்றிக்கொள்ளக் கூடாத நோய்களின் பட்டியல் அது. வழுக்கையும் அதில் உண்டு.

அப்படியானால் வழுக்கைக்கு எதுவும் இல்லையா? இருக்கிறது, ஸார். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தது. ஒன்று மினாக்ஸிடில். ரத்தக் கொதிப்பு மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்குக் கன்னத்திலும் கையிலும் முடி முளைத்ததைப் பார்த்துத் தலைக்குத் திருப்பினார்கள். 1988-ல் அமெரிக்காவில் ஆண்களின் வழுக்கைக்கு அனுமதி கிடைத்தது. தடவ ஆரம்பித்த முதல் சில வாரங்களில் முடி அதிகமாகக் கொட்டும். பயந்துபோய் நிறுத்துகிறவர்கள்தான் ஜாஸ்தி. பலன் தெரிய நான்கு மாசமாவது ஆகும். நிறுத்தினால் சில மாதங்களில் வந்ததும் போய்விடும். இன்னொன்று ஃபினஸ்டரைடு, ஒரு மில்லிகிராம் மாத்திரை. 1997-ல் அனுமதி பெற்றது. டி.எச்.டி. உற்பத்தியையே குறைக்கிறது. சிலருக்குத் தாம்பத்திய நாட்டம் குறைவது, மனச்சோர்வு போன்ற தொல்லைகள் வரலாம். அதனால் நண்பன் சொன்னான் என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சரக்கு அல்ல. டாக்டர் எழுதித்தர வேண்டும்.

இரண்டுமே இருக்கிற முடியைக் காப்பாற்றுவதில் கெட்டி. பளபளவென்று ஆகிவிட்ட இடத்தில் பயிர் செய்வது அவற்றால் ஆகாது. நீலப் புட்டியால் வருகிற பெரிய நஷ்டம் இங்கேதான். தாமிரத்தால் தலைக்குப் பெரிய கேடு வந்துவிடாது. ஆனால் 'இன்னும் ஆறு மாசம் பார்ப்போம், அடுத்த புட்டியில் தெரியும்' என்று இரண்டு வருஷம் ஓடிவிட்டால், காப்பாற்றியிருக்கக்கூடிய முடியும் கையை விட்டுப் போயிருக்கும். பணத்தைச் சம்பாதித்துக்கொள்ளலாம். சிறுத்து மறைந்த முடிக்காலை எந்த மாசச் சம்பளத்தில் வாங்குவது?

எல்லா முடி உதிர்வும் வழுக்கையும் அல்ல. டெங்கு மாதிரி கடும் காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டும். பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாகவே சரியாகிவிடும். அந்த நேரத்தில் எந்தப் புட்டியைத் தடவியிருந்தாலும் பேர் புட்டிக்குத்தான் போகும்! காசளவு வட்டமாகச் சொட்டை விழுந்தால் அது புழுவெட்டு, அதற்கு வேறு வைத்தியம். தினம் ஐம்பதிலிருந்து நூறு முடி வரை உதிர்வது சாதாரணம். சீப்பில் பத்து முடியைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

முகத்துக்கு என்றால் நான் கொஞ்சம் இறங்கி வருவேன். தாமிரப் பெப்டைடு தடவியதில் தோல் சற்று இறுகியது, சுருக்கம் குறைந்தது என்று சிறு சிறு சோதனைகள் சொல்கின்றன. லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் 2006-ல் நடந்த ஒரு சின்ன ஆராய்ச்சி சுவாரஸ்யமானது. அளந்து பார்த்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் தடவிக்கொண்டவர்களுக்குத் திருப்தி மட்டும் அதிகம்! வசதியிருந்து, ஆசையிருந்தால் தடவலாம். முதலில் முழங்கை மடிப்பில் இரண்டு நாள் தடவிப் பார்த்து, அரிப்பு இல்லையென்றால் முகத்துக்குப் போங்கள். வைட்டமின் சி சீரத்தையும் இதையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசாதீர்கள். தாமிரம் வைட்டமின் சி-யைக் கெடுத்துவிடும். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம். முகப்பருவுக்கு இது மருந்து இல்லை. மதிய வெயிலில் பைக்கில் சுற்றுகிறவர் சன்ஸ்க்ரீன் வாங்காமல் இதை வாங்குவது, கூரை ஒழுகும்போது சுவருக்கு டிஸ்டெம்பர் அடிக்கிற கதை.

புட்டி விலை அதிகம், தாமிரம்தானே, நாமே தயார் செய்தால் என்ன என்று சில மூளைகள் கிளம்பும். வேண்டாம். தாமிரம் யாரோடு சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் குணமே மாறும். வெடியில் ஒரு சேர்க்கை, பெப்டைடில் ஒரு சேர்க்கை. வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போர்டோ கலவையாகச் சுண்ணாம்போடு சேர்த்துத் தெளிக்கும் மயில்துத்தமும் தாமிரம்தான், அதுவும் நீலம்தான். உள்ளே போனால் வாந்தியில் ஆரம்பித்துச் சிறுநீரகம் வரை பதம் பார்க்கும் விஷம் அது. தோலையும் புண்ணாக்கும். பித்தளைப் பாத்திரத்தில் புளி ஊற்றினால் களிம்பு ஏறும் என்று தெரிந்துதான் நம் பாட்டிமார்கள் தெருவில் ஈயம் பூசுகிறவரின் குரல் கேட்டதும் அண்டா குண்டாவோடு வாசலுக்கு ஓடினார்கள். பெப்டைடை ஊசியாகப் போட்டுவிடுகிறோம் என்று அழைக்கிற இடங்களுக்கும் ஒரு பெரிய கும்பிடு போட்டுவிடுங்கள்.

முடிக்கென்று துத்தநாக மாத்திரையை மாதக்கணக்கில் அள்ளிப் போட்டுக்கொள்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. துத்தநாகம் மிதமிஞ்சினால் உடம்பில் தாமிரம் குறையும். இல்லாத தாமிரக் குறையைத் தானே வரவழைத்துக்கொள்கிற வேலை அது.

கும்பகோணத்து பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் நம்ம பையன் செய்யக்கூடியது இவ்வளவுதான். அதே கண்ணாடி, அதே வெளிச்சம், மாதம் ஒரு போட்டோ. ஒரு நாள் லீவு போட்டுத் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் தோல் பிரிவுக்குப் போய் வரிசையில் நிற்கட்டும். ஏற்கனவே வாங்கிய புட்டியைத் தூக்கி எறிய வேண்டாம், தீரும்வரை முகத்தில் தடவிக்கொள்ளட்டும். பெண் வீட்டுக்கு மட்டும் இந்த மாசத்துப் போட்டோவையே அனுப்பச் சொல்லுங்கள்.